மெஷினுக்குப் பொட்டு வைக்கும் நாளில் ஒரு கேள்வி: திருப்பூர் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

பின்னலாடை நிறுவன உரிமையாளர்களுக்கும், சாயப்பட்டறை நடத்துபவர்களுக்கும், சாயக்கழிவு நீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் நிர்வாகக் குழுக்களுக்கும்,

வணக்கம்.

நான் இந்த ஊரில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கைமடியாக, அதாவது டெய்லருக்குக் கூடமாட உதவும் ஆளாகச் சேர்ந்தேன், பிறகு செக்கிங் போனேன், அப்புறம் தபால் வழியில் படித்து இப்போது ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆடிட் சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கிறேன். பையர், அதாவது நம் துணியை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, அனுப்பும் கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். ஆடிட்டர் வரும் நாளில் அவர் கூடவே நடக்க வேண்டும். அவர் எழுதிவிட்டுப் போகும் குறைகளுக்கு, சரிசெய்துவிட்டோம் என்று போட்டோவுடன் பதில் அனுப்ப வேண்டும். இத்தனை வருடத்தில் நான் பார்த்த குறைப் பட்டியல்களை அடுக்கினால் ஒரு பீரோ நிறையும். ஆனால், இந்தக் கம்பெனியில் நன்றாக நடப்பது எது, அது எப்படி நடக்கிறது என்று எந்த ஆடிட்டரும் என்னிடம் கேட்டதில்லை. நீங்களும் கேட்டதில்லை. நானே கூட நான்கு வருடம் முன்பு வரை யாரிடமும் கேட்டதில்லை. அதனால்தான் இந்த மடல்.

இப்போது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். 2024-25-ல் இந்த ஊரின் ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாயைத் தொட்டது. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. இன்னொரு பக்கம் ஐரோப்பா. பொருள் எப்படித் தயாரானது, எவ்வளவு காலம் உழைக்கும், மறுபடி பயன்படுமா என்ற விவரமெல்லாம் டிஜிட்டல் பாஸ்போர்ட்டாகப் பொருளோடு சேர்ந்து வர வேண்டும் என்பதற்கான சட்டம் அங்கே 2024-ல் அமலுக்கு வந்துவிட்டது. துணியும் அதில் முன்வரிசையில் இருக்கிறது. ஆகவே நீங்கள் மாறித்தான் ஆக வேண்டும், மாறவும் தொடங்கிவிட்டீர்கள். சஸ்டெய்னபிலிட்டிக்கு, அதாவது சுற்றுச்சூழல் கெடாமல் தொழில் செய்வதற்கு, தனி டிபார்ட்மென்ட் வைக்கிறீர்கள். பெங்களூரிலிருந்தும் மும்பையிலிருந்தும் ஆலோசகர்கள் வருகிறார்கள். ஏ.சி. அறையில் இரண்டு நாள் உட்கார்ந்து, எங்கெங்கே ஓட்டை என்று ஒரு பெரிய அறிக்கை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் சொல்வதில் தப்பு இல்லை. ஆனால் அந்த அறிக்கையைப் படித்த பிறகு தளத்தில் இருக்கும் ஒருவருக்கும் வேலை செய்ய உற்சாகம் வந்து நான் பார்த்ததில்லை.

நான்கு வருடம் முன்பு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தையல் பிரிவில் எண்ணெய்க் கறை பெரிய தொல்லையாக இருந்தது. வெளிர் நிற ஆர்டர். ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்களில் ஊசி வழியாகச் சொட்டும் எண்ணெய் துணியில் பட்டுவிடும். கறை எடுக்கும் இடத்தில் மூன்று பேர் நாள் முழுக்க ஸ்ப்ரே கன் பிடித்துக் கெமிக்கல் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மூலைக்குப் போனாலே கண் எரியும், தலை வலிக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் மீட்டிங். எந்த லைனில் அதிகக் கறையோ அந்த லைன் சூப்பர்வைசரை நிற்க வைத்துக் கேள்வி. அவர் போய் டெய்லர்களைத் திட்டுவார். அடுத்த வாரமும் அதே கணக்கு.

ஒரு சனிக்கிழமை, ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஏழாவது லைனில் கறை ஏறக்குறைய இல்லவே இல்லை என்பது என் கண்ணில் பட்டது. அது அன்றைக்குப் புதிதாக நடந்ததும் இல்லை. பின்னால் புரட்டினால் மாதக்கணக்காக அப்படித்தான். நாங்கள் யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் குறை இல்லாத லைனைப் பற்றிப் பேச மீட்டிங்கில் நேரமே வராது. திங்கட்கிழமை அந்த லைனில் போய் உட்கார்ந்தேன். அங்கே ஓவர்லாக் தைக்கும் ஓர் அக்கா, பதினைந்து வருட அனுபவம். காலையில் மெஷின் போட்டதும், சாப்பாடு முடிந்து வந்ததும், கட்டிங் வேஸ்ட் துணியில் ஓர் ஓட்டு ஓட்டுவார். ஊசியில் நிற்கும் எண்ணெயை அந்தத் துணி குடித்துவிடும். அப்புறம் ஊசித் தண்டை ஒரு துடைப்பு. மொத்தம் ஒரு நிமிடம். பக்கத்து மெஷினில் இருந்த ஒடிசாப் பெண்ணுக்குத் தமிழ் வராது, இவருக்கு ஒடியா வராது. கையைப் பிடித்தே சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண் அடுத்தவளுக்கு. இப்படி லைன் முழுக்கப் பரவியிருந்தது.

அந்த அக்காவை மற்ற லைன்களுக்கு அழைத்துப் போனோம். சூப்பர்வைசர் சொன்னால் கேட்காதவர்கள் அவர் காட்டியதும் செய்தார்கள். இரண்டு மாதத்தில் கன் பிடிக்க ஒருவர் போதும் என்று ஆனது. மீதி இருவரும் செக்கிங்குக்கு வந்துவிட்டார்கள். கெமிக்கல் வாங்குவது பாதிக்கும் கீழே போனது. ஆலோசகர் இல்லை, முதலீடு இல்லை. அக்காவிடம், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “யாரும் கேக்கலீங்களே கண்ணு” என்றார்.

அன்றிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் உள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கூப்பர்ரைடர் என்பவர் 1980-களில் இதை ஒரு முறையாகவே வகுத்திருக்கிறார். தம் பேராசிரியர் சுரேஷ் ஸ்ரீவஸ்தவாவோடு சேர்ந்து 1987-ல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து அப்ரிஷியேட்டிவ் இன்கொயரி என்ற பெயர் பரவியது. ‘நல்லதைத் தேடிக் கேட்பது’ என்று நான் தமிழில் சொல்லிக்கொள்கிறேன். ஒரு நிறுவனம் தன் மிகச் சிறந்த நாட்களில் எப்படி இயங்கியது என்று முதலில் தேடுவது, அது எப்போதும் அப்படி இருந்தால் எப்படியிருக்கும் என்று எல்லோரும் சேர்ந்து நினைத்துப் பார்ப்பது, அதற்கு ஏற்றபடி வேலையை மாற்றி அமைப்பது, பிறகு விடாமல் செய்வது. சாராம்சம் அவ்வளவுதான். பிரேசிலில் நியூட்ரிமென்டல் என்ற உணவு நிறுவனம் 1990-களின் பிற்பகுதியில் இதற்காக ஆலையை ஒரு நாள் நிறுத்தி, எல்லா ஊழியர்களையும் ஒன்றாக உட்கார வைத்தது. அது நொடித்துக்கொண்டிருந்த காலம் அது, மிச்சம் பிடிக்க நினைப்பவர் ஆலையை நிறுத்துவாரா என்று தோன்றும். அவர்கள் நிறுத்தினார்கள், மீண்டும் வந்தார்கள்.

எனக்கு இன்னும் நெருக்கமாகத் தோன்றியது வியட்நாம் கதை. 1990-ன் முடிவில், குழந்தைகள் ஊட்டச்சத்துக் குறைவால் வாடிய கிராமங்களுக்கு ஜெர்ரி ஸ்டெர்னின் என்பவர் போனார். கையில் பெரிய பணம் இல்லை, அரசாங்கம் கொடுத்ததோ ஆறு மாதக் கெடு. இதே வறுமையில் நன்றாக வளரும் குழந்தை எந்த வீட்டிலாவது இருக்கிறதா என்று அவர் கேட்டார். இருந்தது. அந்த வீட்டு அம்மாக்கள் வயலில் கிடைக்கும் சின்ன இறாலையும் நண்டையும் சர்க்கரைவள்ளிக் கீரையையும் சோற்றோடு சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதெல்லாம் பிள்ளைக்கு ஆகாது என்று மற்றவர்கள் ஒதுக்கிய பொருள்கள். அந்த அம்மாக்களே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஏழாவது லைன் அக்காதான் எனக்கு ஞாபகம் வந்தார்.

நம் ஊரே ஒரு தடவை இப்படித்தான் பிழைத்தது என்பது என் எண்ணம். என் அப்பா சாயப்பட்டறைத் தொழிலாளி. 2011 ஜனவரி 28-ம் தேதி சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. காலையில் டிபன் பாக்ஸோடு போன அப்பா பத்து மணிக்கே திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இனி திருப்பூர் அவ்வளவுதான் என்று எல்லோரும் பேசினார்கள்.

அந்த நேரத்தில் எல்லோரையும் பயமுறுத்தியது உப்பு. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். கறுப்பு, கருநீலம் மாதிரி அடர் நிறங்களுக்கு லிட்டருக்கு 60 கிராம், 80 கிராம் என்று போவது சாதாரணம். சவ்வூடு முறையில் நல்ல தண்ணீரைப் பிரித்து எடுத்த பிறகு மிஞ்சுவது கடும் உப்புக் கரைசல். அதைக் கொதிக்க வைத்து வற்றச் செய்ய எரிபொருள் செலவு தாங்காது. பிறகு, அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் செய்து காட்டிய வழியைப் பாருங்கள். சாயம் போட உப்பு வாங்குகிறோம், கழிவிலும் உப்புத்தான் இருக்கிறது, அந்தக் கரைசலையே தெளிய வைத்துச் சாயம் போடப் பயன்படுத்தினால் என்ன? தொல்லை என்று பார்த்த பொருள் சரக்காக மாறியது. இன்று பட்டறைகள் தண்ணீரில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்து ஓட்டுகின்றன. ஒரு சொட்டும் வெளியே விடாமல் இவ்வளவு பெரிய சாயத் தொழில் நடப்பதைப் பார்க்க வெளி மாநிலங்களிலிருந்து வருகிறார்கள். இது உங்கள் பலம். இதை நீங்கள் பையரிடம் பெருமையாகச் சொல்ல மறந்தே போகிறீர்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். அந்த மாற்றம் நாமாகச் செய்தது இல்லை. சென்னிமலைக்குப் பக்கத்தில் நம் நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. அதில் நம் சாயக்கழிவு போய் நின்றது. அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கும்பிட்டுக் கேட்கும் நிலை வந்தது. கிணற்று நீர் உப்பானது, தென்னை காய்ந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள், அதாவது அந்த ஆற்றுப் பாசன விவசாயிகள், 2003-ல் நீதிமன்றம் போனார்கள். கெடுத்தவர்தான் ஈடு கட்ட வேண்டும் என்பதை 2009-ல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. அவர்கள் கோபப்பட்டுக் குறை சொல்லி, வழக்குப் போட்டிருக்காவிட்டால் உப்பைப் பற்றி யோசிக்க நமக்கு நேரமே வந்திருக்காது. அதனால், நல்லதை மட்டும் பேசுவோம், பழையதை விடுவோம் என்று யாராவது இந்த முறையை உங்களிடம் விற்க வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். பலத்தைத் தேடுவது என்றால் தப்பை மறைப்பது என்று ஆகிவிடக் கூடாது. தொழிலாளிக்கு ஓ.டி. காசு பாக்கி இருந்தால் அதைக் கொடுத்துவிட்டுத்தான் அவரிடம் போய், உங்கள் நல்ல அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்க முடியும்.

இது நம் மண்ணுக்கு ஒத்துவருமா என்ற சந்தேகம் வேண்டாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தில் சுமார் இருபது வருடம் முன்பு இப்படி ஒரு மாற்றம் நடந்தது. அரசு வாரியம், பொறியாளர்கள், பதவி அடுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அங்கே ‘கூடம்’ என்ற ஒன்றை ஆரம்பித்தார்கள். நம் பழைய வீடுகளில் எல்லோரும் வந்து உட்காரும் கூடம்தான். உள்ளே வந்தால் தலைமைப் பொறியாளரும் உதவிப் பொறியாளரும் ஒரே வட்டம், ஒரே பேச்சுரிமை. 2004-ல் மறைமலை நகரில் கூடி அவர்கள் ஒரு பிரகடனமே செய்தார்கள். புதுத் திட்டம் போடும் முன், இருக்கிற கிணற்றையும் குழாயையும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து சரிபண்ணி ஓட்ட முடியுமா என்று முதலில் பார்ப்பது என்ற பழக்கம் அதில் வந்தது. மறுபடியும் அதே சங்கதிதான், இருப்பதிலிருந்து ஆரம்பிப்பது. அரசு வாரியத்தில் முடிந்தது, காலையில் முடிவெடுத்து மாலையில் செய்து முடிக்கும் திருப்பூரில் முடியாதா?

உங்களுக்கு இது மற்ற ஊர் முதலாளிகளை விட எளிது. உங்களில் எத்தனையோ பேர் தோட்டம் காட்டிலிருந்து வந்து, கட்டிங் டேபிளிலும் பவர் டேபிளிலும் நின்று, பிறகு நான்கு மெஷின் போட்டு முதலாளி ஆனவர்கள். துணியைத் தொட்டுப் பார்த்தே ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) சொல்லும் முதலாளிகளை எனக்குத் தெரியும். கைக்குத் தெரிந்த வேலை எவ்வளவு பெரிய சொத்து என்று உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்தச் சொத்து இப்போது மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் கையில் இருக்கிறது. நீங்கள் கேபினுக்குள் போய்விட்டீர்கள், இடையில் இருந்த பேச்சு நின்றுவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

எதைக் கேட்பது? சாயப்பட்டறையில், இந்த வருடம் முதல் தடவையிலேயே ஷேட் (நிறம்) சரியாக வந்த லாட்களை எடுத்து வைத்துக்கொண்டு டையிங் மாஸ்டரிடமும் மெஷின் ஆப்பரேட்டரிடமும், அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். ஒரு லாட் ஷேட் தவறி மறுபடி சாயம் ஏறினால் தண்ணீர், உப்பு, நீராவி, சுத்திகரிப்புச் செலவு எல்லாம் இன்னொரு மடங்கு என்பது உங்களுக்குத் தெரியும். நீரை மிச்சம் பிடிக்க இதை விடப் பெரிய வழி எனக்குத் தெரியவில்லை. கட்டிங்கில், துணி மிகக் குறைவாக வீணான ஆர்டர் எது, மார்க்கரை (துணியில் வெட்ட வேண்டிய பாகங்களை அடுக்கும் வரைபடத்தை) மாஸ்டர் எப்படிப் போட்டார் என்று கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் இரவு ஷிப்ட் பார்ப்பவர் எந்த மோட்டாரை எப்போது நிறுத்தினால் கரண்ட் மிச்சமாகும் என்று சொல்வார். பனியன் வேஸ்ட் எடுக்க வருகிறவரையும் கூப்பிடுங்கள். எந்தக் கம்பெனி வேஸ்ட் நிறம் பிரித்து வருகிறது, எதற்கு நல்ல விலை கிடைக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். பேச ஒடியா, இந்தி தெரிந்தவர்களை வைத்துக்கொள்ளுங்கள். பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து பாதி மெஷினை ஓட்டுகிறவர்கள் வாய் திறக்காமல் முடிந்த கூட்டத்தில் பாதி அறிவுதான் கிடைக்கும்.

இப்போது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். பீஸ் ரேட்டிலும் டார்கெட்டிலும் வேலை பார்ப்பவர் தன் தொழில் நுணுக்கத்தை ஏன் வெளியே சொல்வதில்லை தெரியுமா? சொன்னால் டார்கெட் ஏறும். ஒரு மணி நேரத்துக்கு எண்பது பீஸ் தைப்பவர், நூறு வருவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தால் வாயை மூடிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்வருவார், அதுதான் புத்திசாலித்தனம். நான் கைமடியாக இருந்தபோது ஒருமுறை, கட்டு அடுக்கும் வேலையை வேகமாகச் செய்ய ஒரு வழி சொன்னேன். அடுத்த வாரமே இரண்டு பேர் வேலையை என் ஒருத்திக்குக் கொடுத்தார்கள். கூட இருந்தவளை அனுப்பிவிட்டார்கள். அவள் பேருந்து நிறுத்தம் வரை என்னோடு பேசாமல் நடந்து வந்தாள். அதன் பிறகு பல வருடம் நான் எந்த யோசனையும் சொல்லவில்லை. எண்ணெய்க் கறை விஷயத்தில் மூன்று பேரில் இருவர் செக்கிங்குக்கு வந்தார்கள் என்று மேலே எழுதினேனே, அதற்காக நான் எங்கள் முதலாளியிடம் முன்கூட்டியே வாக்கு வாங்கியிருந்தேன். அந்த வாக்கு இல்லாவிட்டால் ஏழாவது லைன் அக்காவிடம் நான் கேட்டே இருக்க மாட்டேன்.

ஆகவே கேள்வி கேட்பதற்கு முன் நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டுங்கள்: இங்கே சொல்லும் யோசனையால் யாருக்கும் வேலை போகாது, ரேட் குறையாது, டார்கெட் ஏறாது, மிச்சமாவதில் ஒரு பங்கு அந்த லைனுக்கு வரும். தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் ஒட்டுங்கள், உங்கள் கையெழுத்தோடு. அப்புறம் அதைக் காப்பாற்றுங்கள். ஒருமுறை மீறினால் பத்து வருடத்துக்கு யாரும் பேச மாட்டார்கள், என்னைப் போல.

எந்த ஆடிட்டும் கேட்காமலே நீங்கள் செய்த காரியங்கள் இந்த ஊரில் இருக்கின்றன. 2015-ல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ என்ற மரம் நடும் திட்டம் பல லட்சம் மரங்களை வைத்தது. நஞ்சராயன் குளம் 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே பறவை காட்டுவேன். சாய ஊர் என்று பெயர் வாங்கிய ஊரில் நாரை நிற்கிறது என்று அவர்களுக்குச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். குளத்துக்கும் மரத்துக்கும் காட்டிய அந்த மனசைக் கம்பெனி தளத்துக்குள்ளும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஆலையை ஒரு நாள் நிறுத்துவது ஷிப்மென்ட் நேரத்தில் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதற்கு ஒரு வழியும் யோசித்து வைத்திருக்கிறேன். ஆயுத பூஜை அன்று எப்படியும் மெஷின் ஓடாது. கழுவித் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு, எல்லோரும் நல்ல துணி உடுத்தி வருவோம். நீங்களும் குடும்பத்தோடு வருவீர்கள். பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு பத்தே நிமிடத்தில் கலைந்துவிடுவோம். இந்த வருடம் கலைய விடாதீர்கள். கட்டிங் டேபிளைச் சுற்றி ஜமுக்காளம் விரியுங்கள். உங்களுக்கும் நாற்காலி வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம், இந்த வருடம் எந்த நாள் வேலை உங்களுக்கு மனசுக்கு நிறைவாக இருந்தது, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். இரண்டு மணி நேரம். சொல்வதை ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். அதில் மூன்றை எடுத்து தீபாவளி போனஸ் போடுவதற்குள் செய்து காட்டுங்கள்.

எழுதிக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். எந்தக் கம்பெனிக்கும், சம்பளம் இல்லாமல்.

அன்புடன்,
ஏழாவது லைனில் பாடம் படித்த ஒரு பழைய கைமடி
திருப்பூர்